படிக்கப் போன ஊரில் ஞாயிற்றுக்கிழமை

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு வயது 23. சொந்த ஊர் நாமக்கல் பக்கம். ஜெர்மனியில் ஆகன் நகரில் உற்பத்திப் பொறியியலில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். போன அக்டோபரில் வந்தேன். அப்பா லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்துத்தான் எனக்கு லோன் போட்டார்.

வந்த புதிதில் இங்கே படிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளின் குரூப்பில் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி ஞாயிறு ராத்திரி திரும்புவோம். ஆம்ஸ்டர்டாம், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், பெர்லின் எல்லாம் போனோம். பாரிஸுக்கு மட்டும் 180 யூரோ ஆனது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை கிளாஸில் தூங்கி விழுவேன். வீட்டுக்கு எதையும் சொல்லவில்லை. சித்தப்பா பையன் இன்ஸ்டாகிராமில் போட்டோவைப் பார்த்து அப்பாவிடம் காட்டிவிட்டான். "படிக்கப் போனியா, ஊர் சுத்தப் போனியா?" என்று அப்பா ஒரே வார்த்தைதான் கேட்டார். அதே வாரம் ரிசல்ட் வந்தது. ஐந்து பேப்பரில் ஒன்று போய்விட்டது.

அதிலிருந்து எங்கேயும் போவதில்லை. சனி, ஞாயிறு ரூமிலேயே இருக்கிறேன். படிக்கத்தான் உட்காருகிறேன், படிப்பதும் இல்லை. ஞாயிறு மத்தியானம் ஆனால் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. இப்போது பெந்தெகொஸ்தே வாரம் கிளாஸ் கிடையாது. குரூப் ப்ராக் போகிறது. வெள்ளிக்குள் பணம் கட்டச் சொல்கிறார்கள். போகட்டுமா? இல்லை, வீக்கெண்டில் பார்ட் டைம் வேலைக்குப் போய் அப்பா பாரத்தைக் குறைக்கட்டுமா? ஜெர்மனி முழுக்கச் செல்லும் செமஸ்டர் டிக்கெட் இருக்கிறது. அதை கேம்பஸுக்குப் போகத்தான் பயன்படுத்துகிறேன்.

பெயர் வேண்டாம், ஆகன்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

ப்ராக் இந்த முறை வேண்டாம். வெள்ளிக்கிழமை வரை மனதில் போட்டு உழற்றாமல் இன்றைக்கே குரூப்பில் சொல்லிவிடுங்கள். அதே சமயம் அந்த விடுமுறை வாரத்தை ரூமுக்குள் கழிக்கவும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் நீங்கள் வெளியே போயே ஆக வேண்டும் என்பது என் கருத்து. எங்கே, யாரோடு, எவ்வளவு செலவில் என்பதைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது.

முதலில் அந்தப் பேப்பர். ஊர் சுற்றியதால்தான் போனது என்று அப்பா முடிவு கட்டிவிட்டார், நீங்களும் முடிவு கட்டிவிட்டீர்கள். எனக்கு அது அவ்வளவு உறுதியாகப் படவில்லை. நீங்கள் பி.இ. படித்த கல்லூரியில் இன்டர்னல் இருந்தது, அசைன்மென்ட் இருந்தது, மாடல் எக்ஸாம் இருந்தது, அட்டெண்டன்ஸ் குறைந்தால் வீட்டுக்கு போன் போனது. யாராவது ஒருவர் உங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான பாடங்களுக்கு இது எதுவும் கிடையாது. லெக்சருக்கு வந்தீர்களா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பாடத்தின் மொத்த மதிப்பெண்ணும் செமஸ்டர் முடிவில் வரும் ஒரே தேர்வில் இருக்கும். அதனால் அக்டோபர், நவம்பரில் எதுவுமே அவசரமாகத் தெரியாது. ஜனவரியில் எல்லாம் சேர்ந்து தலையில் விழும். வெளிநாட்டில் படிக்கும் நம் பிள்ளைகளோடு பேசுவதுதான் என் வேலை. எங்கேயும் போகாமல் அறையே கதியென்று கிடந்தவர்களும் முதல் செமஸ்டரில் ஒரு பேப்பரைக் கோட்டைவிட்டுவிட்டு வந்து உட்காருவதைப் பார்க்கிறேன். இன்னொன்று, நீங்கள் நான்கு பேப்பரில் பாஸ் ஆகியிருக்கிறீர்கள். கடிதத்தில் அந்த வரியைக் காணோம். நான்தான் கழித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பயணங்களுக்கு இதில் பங்கே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வெள்ளி ராத்திரி பஸ்ஸில் உட்கார்ந்தபடியே தூங்கி, சனிக்கிழமை முழுக்க நடந்து, ஹாஸ்டலில் எட்டுப் பேர் அறையில் அரைத் தூக்கம் தூங்கி, ஞாயிறு நள்ளிரவில் திரும்பினால் அந்தப் பயணம் திங்கட்கிழமையையும் சேர்த்துத்தான் விழுங்கும். செவ்வாய்க்கிழமை பாதி போகும். ஒரு மாதத்தில் இரண்டு முறை இப்படிப் போனால் நல்ல நாட்கள் எத்தனை மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அப்படிப் போய் ஈபிள் கோபுரத்தின் கீழே நின்று போட்டோ எடுத்ததில் உங்களுக்கு என்ன மிஞ்சியது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். "சந்தோஷமாகத்தான் இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'தான்' எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. எத்தனை நாடு பார்த்தாய் என்ற போட்டி இந்த குரூப்களில் ஓடுகிறது. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் எண்ணிக்கை தெரியும். போகாவிட்டால் விட்டுப்போய்விடுவோமோ என்ற பயத்தில் போகிறவர்கள்தான் பாதிப் பேர்.

பணத்துக்கு வருவோம். விசாவுக்காக முடக்குக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) ஆண்டுக்கு 11,904 யூரோ கட்டியிருப்பீர்கள். மாதம் 992 யூரோ வெளியே வரும். அறை வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு, போன் எல்லாம் போனால் கையில் நிற்பது சொற்பம். அதில் 180 யூரோ என்பது பெரிய ஓட்டை. அதே நேரம், வந்த நாளிலிருந்து எதைப் பார்த்தாலும் நூறால் பெருக்கி ரூபாயாக்கிப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருக்கும் என்று நினைக்கிறேன். இருக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. ஒரு காபி 350 ரூபாயா என்று மலைத்துக் குடிக்காமல் வந்துவிட்டு, அந்த ஏக்கத்தையெல்லாம் சேர்த்து ஒரே வீக்கெண்டில் பாரிஸில் கொட்டுவது இதனால்தான் நடக்கிறது. பெரிய செலவை ரூபாயில் கணக்கிடுங்கள். காபியை யூரோவிலேயே குடியுங்கள். வெளியே போவதற்கென்று மாதம் 40 யூரோ ஒதுக்குங்கள். அதற்குள் எவ்வளவு போனாலும் குற்ற உணர்ச்சி கூடாது. அதைத் தாண்டினால் அடுத்த மாதத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.

நாற்பது யூரோவில் எங்கே போவது என்பீர்கள். கேம்பஸுக்கு மட்டும் பயன்படுத்துவதாக எழுதியிருக்கிறீர்களே, அந்த டிக்கெட்டில்தான். அதற்கான பணத்தை செமஸ்டர் கட்டணத்தோடு ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள். ஜெர்மனி முழுக்க எல்லா வட்டார ரயில்களிலும், எஸ்-பான் என்ற புறநகர் ரயில், யு-பான் என்ற சுரங்க ரயில், டிராம், டவுன் பஸ்களிலும் அது செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் மட்டும் ஏறிவிடாதீர்கள். டிக்கெட் உங்கள் பெயரில் இருப்பது, தோழிக்குக் கொடுத்து அனுப்ப முடியாது. பரிசோதகர் வந்தால் போட்டோவுள்ள அடையாள அட்டையையும் கேட்பார். போனில் சார்ஜ் இல்லையென்றால் அந்த நிமிஷத்தில் டிக்கெட்டும் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். டிக்கெட் இல்லாப் பயணத்துக்கு அபராதம் 60 யூரோ, உங்கள் ஒரு மாத ஒதுக்கீட்டை விட அதிகம். அதனால் பவர் பேங்க் இல்லாமல் கிளம்ப வேண்டாம்.

நீங்கள் இருக்கும் ஊர் இந்த விஷயத்தில் கொடுத்துவைத்த ஊர். ஆகனில் புறப்படும் ஆர்இ 1 என்ற வட்டார ரயில் கொலோன், டுசல்டார்ஃப், டுயிஸ்பர்க், எஸ்சன், டார்ட்முண்ட் வழியாக ஹாம் வரை போகிறது. ஆர்இ 4 இன்னொரு வழியாக வுப்பர்டாலைத் தொட்டுக்கொண்டு டார்ட்முண்ட் போகிறது. இரண்டு ரயிலும் ஜெர்மனியின் பழைய தொழிற்பேட்டையை ஊடுருவிச் செல்பவை. உற்பத்திப் பொறியியல் படிக்க வந்த பெண் நீங்கள். பாரிஸுக்குப் போன நீங்கள் டுயிஸ்பர்க் போனதாக எழுதவில்லை. அங்கே 1985-இல் மூடப்பட்ட ஒரு பெரிய இரும்பாலையை இடிக்காமல் அப்படியே பூங்காவாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது, பகலிரவு எந்நேரமும் போகலாம். ஊதுலையின் உச்சி வரை படியேறி, தாது எந்த வழியாக மேலே போனது, உருகிய இரும்பு எந்த வழியாக வெளியே வந்தது என்று கண்ணால் பார்த்துவிட்டு இறங்கலாம். தாது கொட்டி வைத்திருந்த கான்கிரீட் சுவர்களில் இப்போது மலையேற்றப் பயிற்சி நடக்கிறது. எரிவாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி முக்குளிப்பு கற்றுக்கொடுக்கிறார்கள். புத்தகத்தில் கோட்டுப் படமாகப் பார்த்த ஊதுலையை ஒரு முறை ஏறிப் பார்த்துவிட்டு அந்த அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். இதை ஊர் சுற்றுவது என்று அப்பாவே சொல்ல மாட்டார். பட்டறைக்காரர் அவர், போட்டோ அனுப்பினால் உங்களை விட அதிகமாகக் கேள்வி கேட்பார்.

எஸ்சனில் சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. 1986-இல் நிலக்கரி எடுப்பது நின்றது, 2001-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. வுப்பர்டாலில் ஆற்றுக்கு மேலே தலைகீழாகத் தொங்கியபடி ஓடும் ரயில் 1901-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. மொத்தம் 13.3 கிலோமீட்டர், இருபது நிலையங்கள். அதிலும் உங்கள் டிக்கெட் செல்லும். ஒரு முனையில் ஏறி மறுமுனை வரை போய்த் திரும்புங்கள். 1950-இல் ஒரு சர்க்கஸ் கம்பெனி விளம்பரத்துக்காகக் குட்டி யானை ஒன்றை அந்த ரயிலில் ஏற்றியது. அது மிரண்டு, பெட்டியை உடைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. பெரிய காயமில்லாமல் பிழைத்துக்கொண்டது. டுஃபி என்று அதற்குப் பெயர், அந்த ஊரில் இன்றும் எல்லோருக்கும் தெரியும்.

நடக்கப் பிடிக்குமென்றால் ரயில்கூட வேண்டாம். ஆகனின் ஓரத்திலுள்ள கார்னெலிமியூன்ஸ்டரில் தொடங்கி ட்ரியர் நகரம் வரை 313 கிலோமீட்டர் நீளும் ஐஃபெல் நடைபாதை இருக்கிறது. பயந்துவிடாதீர்கள், பதினைந்து பகுதிகளாகப் பிரித்துத்தான் நடக்கிறார்கள். முதல் பகுதி ரோட்கென் வரை சுமார் 14 கிலோமீட்டர், திரும்பப் பஸ்ஸில் வந்துவிடலாம். பழைய சைக்கிள் ஒன்று கிடைத்தால் வென்பான் பாதையில் போகலாம். ஆகனிலிருந்து லக்சம்பர்க்கின் வடக்கு வரை சென்ற பழைய ரயில் பாதை அது, இப்போது 125 கிலோமீட்டர் சைக்கிள் பாதை. ரயில் ஓடிய பாதை என்பதால் ஏற்றம் அதிகம் தெரியாது. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தண்டவாளத்தை பெல்ஜியத்துக்குக் கொடுத்தார்கள். அதனால் இரண்டு பக்கமும் ஜெர்மனியாகவும் நீங்கள் போகும் பாதை மட்டும் பெல்ஜியமாகவும் இருக்கும் இடங்கள் உண்டு. நாடு எண்ணிக்கை ஏற வேண்டுமென்று ஆசை இருந்தால், காட்டு வழியாக நடந்து வால்ஸ் குன்றுக்குப் போங்கள். ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து மூன்றும் ஒரு கல்லில் சந்திக்கின்றன.

எல்லை தாண்டும்போது, நடந்தே போனாலும், பாஸ்போர்ட்டையும் குடியிருப்பு அனுமதி அட்டையையும் அசலாகக் கையில் வைத்திருங்கள். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனை போடுகிறது. அட்டை புதுப்பிக்கக் கொடுத்துவிட்டுத் தற்காலிகக் காகிதம் மட்டும் கையில் இருக்கிற காலத்தில், அந்தக் காகிதத்தோடு வெளியே போய்த் திரும்பி வரலாமா என்று வெளிநாட்டினர் அலுவலகத்தில் கேட்காமல் எங்கேயும் போகாதீர்கள். எல்லாக் காகிதத்துக்கும் அந்த உரிமை கிடையாது. குரூப்பில் யாராவது "ஒண்ணும் ஆகாது" என்பார்கள். ஆனால் அவர்களிடம் இருப்பது வேறு காகிதமாக இருக்கும்.

இனி அந்த ஞாயிறு மத்தியான அழுகை. காரணமே இல்லை என்கிறீர்கள். எனக்குக் காரணம் தெரிகிறது. நாமக்கல் பக்கத்து ஞாயிறு எப்படி இருக்கும்? காலையிலேயே கறிக்கடையில் கூட்டம், பத்து மணிக்குத் தெரு முழுக்க மசாலா வாசம், மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் அத்தை, சாயங்காலம் வரை டிவி சத்தம். தனியாக இருக்க வேண்டும் என்று நினைத்தாலும் விட மாட்டார்கள். ஜெர்மனியில் ஞாயிறு ஓய்வு நாள் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. கடைகள் மூடியிருக்கும். சுவரில் துளை போடக் கூடாது, புல் வெட்டக் கூடாது, காலி பாட்டிலைத் தொட்டியில் போடும் சத்தம்கூடக் கூடாது. உள்ளூர்க்காரர்கள் அன்றைக்குக் குடும்பத்தோடு இருப்பார்கள், அல்லது காட்டுக்குள் நடக்கப் போயிருப்பார்கள். வீட்டுக்குள் தனியாக இருப்பவருக்குத்தான் அந்த நாளில் போக்கிடமே கிடையாது. நீங்கள் பலவீனமானவர் என்பதால் அழுகை வரவில்லை. ஊரே வெளியே போயிருக்கும் நாளில், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, படிக்காமல், படிக்கவில்லையே என்று உங்களையே திட்டிக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் வரும்.

போதாததற்கு நேர வித்தியாசம். கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை. உங்களுக்குச் சாயங்காலம் ஏழு மணி ஆகி யாரிடமாவது பேசினால் தேவலை என்று தோன்றும்போது அம்மா பாத்திரம் கழுவி முடித்துப் படுத்திருப்பார். அதனால் ஞாயிற்றுக்கிழமை போனைக் காலைக்கு மாற்றுங்கள். ஒன்பது மணிக்குப் பேசினால் அங்கே மத்தியானம் பன்னிரண்டரை, அம்மா சமையலை முடிக்கிற நேரம். பேசிக்கொண்டே ரயில் நிலையத்துக்கு நடங்கள். சனிக்கிழமை காலை முழுக்கப் படிப்பு, நூலகத்தில், அறையில் வேண்டாம். சாயங்காலம் காய்கறி வாங்கிச் சமைத்துப் பெட்டியில் போட்டு வைத்துவிடுங்கள். ஞாயிறு பத்து மணிக்குள் வாசலைத் தாண்டியாக வேண்டும். இது ஒன்றில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். பதினொன்று ஆகிவிட்டால் போர்வை விடாது. எங்கே போவது என்று ஞாயிறு காலை யோசிக்காதீர்கள், வெள்ளிக்கிழமையே முடிவு செய்யுங்கள். அங்கே தண்டவாள வேலைக்காக வார இறுதிகளில் ரயிலை நிறுத்துவது சகஜம், கிளம்பும் முன் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பும் கடைசி ரயிலுக்கு முந்தைய ரயிலில் வந்துவிடுவது நல்லது. எங்கே இருக்கிறீர்கள் என்பதை அறைத் தோழிக்கு லொகேஷன் அனுப்புங்கள். அம்மாவுக்கு அனுப்பாதீர்கள், அந்தப் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

இப்போது வீடு. உங்களை இத்தனை வாட்டியது பயணம் அல்ல, மறைத்ததுதான் என்பது என் எண்ணம். போட்டோ போடும்போது யார் யார் பார்க்கலாம் என்று சலித்துச் சலித்துப் போட்டிருப்பீர்கள். அம்மா போனில் "எங்கம்மா இருக்கே" என்றால் பாரிஸ் தெருவில் நின்றுகொண்டு "லைப்ரரி" என்றிருப்பீர்கள். சித்தப்பா பையன் காட்டாவிட்டால் வேறு யாராவது காட்டியிருப்பார்கள். அப்பாவின் இடத்திலிருந்து பாருங்கள். மகள் ஊர் சுற்றியதை விட, ஊரே பார்த்த பிறகு தனக்குத் தெரிய வந்ததுதான் அவருக்கு அடி. அதற்கு மேலே கடன். கல்விக்கடனுக்குத் தவணை பொதுவாகப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தொடங்கும், ஆனால் வட்டி இன்றைக்கும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தத் தொகை அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். "ஊர் சுத்தப் போனியா" என்று அவர் கேட்டதில் பாதி அந்த வட்டி.

அதனால் அவரிடம் மன்னிப்புக் கடிதம் வாசிக்க வேண்டாம், கணக்கைச் சொல்லுங்கள். "அப்பா, மாசம் 992 யூரோ வருது. வாடகை இவ்வளவு, இன்சூரன்ஸ் இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு. வெளிய போக 40 வெச்சிருக்கேன். குளிர்காலத்துல அதுக்கு மேல செலவு பண்ணிட்டேன், இனிமே பண்ண மாட்டேன். ஒரு பேப்பர் போயிருக்கு, நாலு பாஸ். அத ஜூலையில எழுதுறேன்." பத்து நிமிஷப் பேச்சு. கத்தினால் கத்தட்டும், குறுக்கே பேச வேண்டாம். பிறகு ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அந்தக் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அனுமதி கேட்காதீர்கள், தகவல் சொல்லுங்கள். 23 வயதுப் பெண் டுயிஸ்பர்க் போக நாமக்கல்லில் கையெழுத்து வாங்க வேண்டியதில்லை. ஆனால் போன இடத்தின் போட்டோ இன்ஸ்டாகிராமுக்கு முன்னால் அம்மாவின் போனுக்குப் போகட்டும். அதற்கப்புறம் சித்தப்பா பையனிடம் காட்டுவதற்கு எதுவும் இருக்காது.

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளை வெளிநாட்டில் சிரித்தபடி ஒரு போட்டோ போட்டால் படிப்பு கெட்டுவிட்டது என்று பொருளில்லை. எந்த போட்டோவும் போடாமல், கேட்டால் "படிச்சிட்டிருக்கேன்" என்று மட்டும் சொல்லும் பிள்ளையைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன்.

குரூப்பை விட்டு விலக வேண்டாம். காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தரப்போகிறவர்கள் அவர்கள்தான். வெறுமனே "வரலை" என்று சொன்னால் இரண்டு முறைக்குப் பிறகு கூப்பிடுவதை நிறுத்திவிடுவார்கள். "ப்ராக் வரலை, கையில காசு இல்ல. அடுத்த ஞாயிறு வுப்பர்டால் போறேன், யார் வர்றீங்க?" என்று கேளுங்கள். காசில்லை என்பதை உரக்கச் சொன்னால், அதையே சொல்ல முடியாமல் தவித்துக்கொண்டிருக்கும் இன்னும் இரண்டு பேர் நிச்சயமாக உங்களோடு வருவார்கள். கூடவே பல்கலைக்கழகத்தின் விளையாட்டு வகுப்பு ஒன்றில் சேருங்கள். பூப்பந்தோ, நீச்சலோ, மாணவர்களுக்குக் கட்டணம் குறைவு. வாரம் ஒருமுறை அதே முகங்களைப் பார்ப்பீர்கள், ஜெர்மனும் கொஞ்சம் நாக்கில் ஒட்டும்.

ஆர்இ 1-இன் கடைசி நிலையமான ஹாமைப் பற்றிச் சொல்ல மறக்கக் கூடாது. போய்ச் சேர மூன்று மணி நேரம் போல ஆகும். ஊருக்கு வெளியே யூன்ட்ராப் பகுதியில் காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. போரினால் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்த தமிழர்கள் எழுப்பியது, 2002-இல் குடமுழுக்கு நடந்தது. கோடையில் வரும் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் வருகிறார்கள். பக்கத்துக் கால்வாயில் தீர்த்தவாரி நடக்கிறது. சாமி கும்பிடும் வழக்கம் இல்லாவிட்டாலும் ஒருமுறை போய் வாருங்கள். உங்களைப் போல இரண்டு வருடப் படிப்புக்கு விசா வாங்கிக்கொண்டு வராமல், திரும்பிப் போவோமா என்றே தெரியாமல் வந்து இறங்கியவர்கள் அந்த நாட்டு ஞாயிற்றுக்கிழமைகளை எப்படிக் கடந்தார்கள் என்று அங்கிருக்கும் ஒரு அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தால் தெரியும்.

வேலைக்குப் போகலாமா என்ற கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன். 2024 மார்ச் முதல் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய மாணவர்களுக்கு அனுமதி இருக்கிறது. ஆனால் போன பேப்பர் கையில் இருக்கும் இந்த செமஸ்டரில், சனி ஞாயிறு இரண்டு நாளும் கிடங்கில் பெட்டி தூக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். அப்பாவின் பாரம் நீங்கள் ஒழுங்காகப் படித்து முடித்து வேலைக்குப் போவதில்தான் குறையும். ஒரு செமஸ்டர் நீண்டால் அதற்கான வாழ்க்கைச் செலவு நீங்கள் கிடங்கில் சம்பாதிப்பதைத் தின்றுவிடும். சம்பாதித்தே ஆக வேண்டும் என்றால் உங்கள் துறையில் மாணவர் உதவியாளர் வேலை கேட்டுப் பாருங்கள். அது அந்த 140 நாள் கணக்கில் வராது, படிப்புக்கும் பக்கத்திலேயே இருக்கும்.

வெளியே போகத் தொடங்கி மூன்று நான்கு வாரம் ஆன பிறகும் அழுகை நிற்கவில்லை, தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் அது ஞாயிற்றுக்கிழமைச் சிக்கல் இல்லை. எல்லாமே வெறுத்துப்போய் இருந்து என்ன பயன் என்று ஒரு முறை தோன்றினால்கூட அத்தனை வாரம் காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள். பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆலோசனைப் பிரிவில் மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை, ஆங்கிலத்தில் பேசலாம். அங்கே நீங்கள் சொல்வது பேராசிரியருக்கோ விசா அலுவலகத்துக்கோ போகாது, ரகசியம் காப்பது அவர்களுடைய சட்டக் கடமை. 'பைத்தியம்னு ஃபைல்ல எழுதிடுவாங்க' என்று நம் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அப்படி ஒன்றும் கிடையாது.

கடைசியாக அந்தப் பேப்பர். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு தேர்வுக்கு மூன்று வாய்ப்பு, மூன்றாவதும் தவறினால் அந்தப் படிப்பைத் தொடர முடியாது. அதனால் இரண்டாவது வாய்ப்பையே கடைசி வாய்ப்பாக நினைத்து எழுதுங்கள். முன்கூட்டியே பதிவு செய்யாமல் அங்கே தேர்வறைக்குள் விட மாட்டார்கள், பதிவுக்குக் கடைசித் தேதி தேர்வுக்குப் பல வாரம் முன்பே முடிந்துவிடும். அந்தத் தேதியை இன்றைக்கே பாருங்கள். போன தேர்வின் விடைத்தாளைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவார்கள், அதற்குப் போனீர்களா? போகவில்லை என்றால் பேராசிரியரின் உதவியாளருக்கு ஒரு மெயில் போட்டு இன்னும் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். எங்கே மதிப்பெண் போனது என்று தெரியாமல் மறுபடி முதல் பக்கத்திலிருந்து படிப்பது நேர விரயம். துறை மாணவர் மன்றத்தில் பழைய கேள்வித்தாள்கள் வைத்திருப்பார்கள். பெந்தெகொஸ்தே வாரத்தில் திங்கள் விடுமுறை. செவ்வாயிலிருந்து வெள்ளி வரை காலை வேளைகளை அந்தக் கேள்வித்தாள்களுக்குக் கொடுங்கள். சனிக்கிழமை கழியட்டும், ஞாயிறு டுயிஸ்பர்க் போய் வாருங்கள்.